சவுரிராயன் நிரப்பிய கட்டங்கள்

டாக்டர் கையெழுத்தையே படிக்கிற ஆளுக்குப் பாதி எழுதிய இங்கிலீஷ் வார்த்தையை முடிக்கத் தெரியாதா என்று எல்லோரும் கேட்டார்கள். அவர்கள் கேட்டால் போகட்டும், சவுரிராயனும் தன்னையே அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தார். திண்டிவனத்தில் ஒரு மெடிக்கலில் கவுண்டருக்குப் பின்னால் பதினேழு வருஷம் நின்றவர். இரண்டு எழுத்தும் அதற்கப்புறம் மண்புழு நெளிந்த மாதிரி ஒரு கோடும் இருந்தால் போதும், சரியான மாத்திரையை எடுத்து வைத்துவிடுவார் என்று பெயர். அந்தப் பெயரை நம்பித்தான் பரீட்சைக்குப் பதிந்தார். முதல் தடவை ஊத்திக்கொண்டது. இரண்டாம் தடவையும் அதே கதை.

முப்பத்தொன்பது வயதில் இங்கிலீஷ் பரீட்சை எதற்கு என்றால், எல்லாம் ஜெசிந்தாவுக்காக. ஜெசிந்தா அவர் மனைவி, நர்ஸ். ஒன்றரை வருஷமாக அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. போன கிறிஸ்துமஸுக்கு வந்தவள் மகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். விழுப்புரம் வீட்டில் இவரும் ஃபிரிட்ஜும்தான் மிச்சம்.

"சும்மா கெளம்பி வாங்க. பொண்டாட்டி இங்க இருந்தா விசா குடுத்துடுவான்" என்றாள் ஜெசிந்தா.

"சும்மா வந்து?"

"வந்து வீட்டப் பாத்துக்கினு இருங்க."

அதுதான் அவருக்கு ஆகவில்லை. பதினேழு வருஷம் வெள்ளைக் கோட்டு மாட்டி நின்ற மனுஷன், ஜெசிந்தாவின் மூன்றாவது பெட்டியாகப் போய் இறங்குவதாவது! அங்கே ஒரு கல்லூரியில் மருந்துக்கடை வேலைக்கான ஒரு வருஷப் படிப்பில் அவருக்கு இடம் கிடைத்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. ஜூன் முப்பதுக்குள் இங்கிலீஷ் பரீட்சையில் அவர்கள் கேட்கும் மார்க்கைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இடம் போச்சு. இரண்டு தடவை எழுதியாகிவிட்டது. இருக்கிற நாளைக் கணக்குப் பார்த்தால் மிச்சம் இருந்தது ஒரே தடவை.

மற்ற கேள்விகளில் அவர் மோசமில்லை. காதில் கேட்டு எழுதுவார், படம் பார்த்து ஏதோ பேசிவிடுவார். கவிழ்த்தது அந்தப் பத்திதான். திரையில் ஒரு பத்தி வரும். முதல் வரி முழுசாக இருக்கும், கடைசி வரியும் முழுசாக இருக்கும். நடுவில் ஒரு வார்த்தை விட்டு ஒரு வார்த்தைக்குப் பின்பாதி இருக்காது. எத்தனை எழுத்துக் குறைகிறதோ அத்தனை காலிக் கட்டம். மூன்று நிமிஷத்துக்குள் எல்லாக் கட்டத்தையும் நிரப்ப வேண்டும். எவன் உட்கார்ந்து யோசித்தானோ, நல்லா இருக்கட்டும்.

விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் கலைப்பிரியா இதற்கென்று வகுப்பு நடத்தினாள். இருபத்தைந்து வயது. அவள் இவரை 'சார்' என்பாள், இவர் அவளை 'மேடம்' என்பார். கூடப் படிக்கிற காலேஜ் பிள்ளைகளுக்கு யாரைப் பார்த்துச் சிரிப்பது என்று தெரியாது.

"சார், இருபது வார்த்தைல எட்ட காலியா வுட்டிருக்கீங்க" என்றாள் கலைப்பிரியா.

"அந்த எட்டும் தெரியல மேடம்."

"தெரியலன்னா கெஸ் பண்ணுங்க. காலியா வுட்டா மார்க்கே இல்ல. தப்பா போட்டாலும் அதே மார்க்குதான். அப்பறம் எதுக்கு வுடறீங்க?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் 'கெஸ்' என்ற சொல்லைக் கேட்டாலே சவுரிராயனுக்கு உடம்பு கூசியது. ஊர் நினைத்துக்கொண்டிருந்தது போல அவர் ஒன்றும் மண்புழுக் கோட்டைப் பார்த்து மாத்திரை எடுப்பவர் இல்லை. சீட்டை வாங்கிக்கொண்டு, "என்னாம்மா பண்ணுது ஒடம்புக்கு?" என்று ஆரம்பிப்பார். சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா, முன்னாடி என்ன மாத்திரை சாப்பிட்டீங்க, பழைய அட்டை இருக்கா என்று பேச்சோடு பேச்சாக விசாரிப்பார். அப்படியும் சந்தேகம் தீரவில்லையென்றால் டாக்டருக்குப் போன். அவ்வளவுதான் அவருடைய சாமர்த்தியம். பதினேழு வருஷத்தில் ஒரு மாத்திரையைக்கூட அவர் யூகித்துக் கொடுத்ததில்லை.

இங்கேயோ பத்தி பென்குவினைப் பற்றி வந்தது. அடுத்தது எரிமலை. அதற்கடுத்தது எங்கேயோ ஒரு கலங்கரை விளக்கம். பென்குவினைப் பற்றி யாருக்குப் போன் போடுவது?

கடையில் தெரியாததைத் தொடக்கூடாது, வகுப்பில் தெரியாததை விடக்கூடாது. காலையில் ஒரு சட்டம், சாயங்காலம் அதற்கு நேர்மாறாக ஒரு சட்டம். இரண்டுக்கும் நடுவில் நாற்பது கிலோமீட்டர் ரயில். எந்தப் பக்கம் போகும்போது எந்தச் சட்டத்தைத் தலையில் வைத்துக்கொள்வது என்றே அவருக்குப் பிடிபடவில்லை. இதை ஜெசிந்தாவிடம் சொன்னபோது அவள், "ரொம்ப யோசிக்காதீங்க, பேஜாரு பண்ணாதீங்க" என்றாள். யோசிக்காமல் இருப்பது எப்படி என்று அவள் சொல்லவில்லை.

அதையும் கலைப்பிரியாதான் சொல்லிக்கொடுத்தாள். முதல் வரியைப் படித்து விஷயம் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். சின்னச் சின்ன வார்த்தைகளை முதலில் போட்டுத் தள்ள வேண்டும். ஒரே வார்த்தையை முறைத்துக்கொண்டு நிற்கக்கூடாது, அடுத்ததற்குத் தாவிவிட்டுத் திரும்பி வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று.

"வார்த்தையப் பாக்காதீங்க சார். பத்தி எங்க போவுதுன்னு பாருங்க. அதோட போக்குலயே போனீங்கன்னா அடுத்த வார்த்தை தானா வரும். கை போட்டுடும்."

முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று ரயில் நின்று நின்று போக, தினமும் காலையில் அவர் போனில் பத்தி பத்தியாகப் போட்டுப் பார்த்தார். மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நாலாவது வாரம் ஒரு திங்கட்கிழமை, பேரணி தாண்டும்போது, தேனீக்களைப் பற்றிய ஒரு பத்தியை அவர் கை தானாகவே நிரப்பிவிட்டது. யோசித்த மாதிரியே இல்லை. இருபதுக்குப் பத்தொன்பது சரி. பக்கத்து சீட்டு ஆளிடம் காட்டலாமா என்று பார்த்தார், அந்த ஆள் தூங்கிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் கலைப்பிரியா கை தட்டினாள். "அவ்ளோதான் சார், ட்ரிக்க புடிச்சிட்டீங்க. அப்படியே போங்க."

அப்படியேதான் போனார். சுவரில் பாதி கிழிந்த போஸ்டரைப் பார்த்தால் மீதியை மனசு ஒட்டியது. வாடிக்கைக்காரர் வாயைத் திறந்து முடிப்பதற்குள் வாக்கியத்தை இவரே முடித்துவிட்டார். அவருக்கு இது பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் குழப்பமாகவும் இருந்தது. பெருமை அதிகமாக இருந்ததால் குழப்பத்தைக் கண்டுகொள்ளவில்லை.

பரீட்சைக்கு ஆறு நாள் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை, அனந்தபுரத்திலிருந்து கெங்கம்மாள் என்று ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும். கடை இருக்கிற தெருவிலேயே இருக்கிற டாக்டரம்மாவிடம் காட்டிவிட்டுச் சீட்டோடு வந்திருந்தார். மூன்று மாத்திரை. சவுரிராயன் எடுத்துக் கொடுத்தார், எப்போது சாப்பிட வேண்டும் என்று அட்டையில் குறித்தார், பில் போட்டு, அதில் போன் நம்பரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டார். கெங்கம்மாள் பஸ்ஸுக்கு ஓடினார்.

மறுநாள் காலை, மயிலத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், பத்தியை நிரப்பிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. சவுரிராயனுக்குக் கெங்கம்மாள் ஞாபகம் வந்தது. அந்த அம்மாவை அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சுகர் இருக்கா என்று கேட்கவில்லை. ஆனால் சுகர் மாத்திரை கொடுத்திருந்தார். சீட்டில் முதல் வரி பிரஷர் மாத்திரை, இரண்டாவது வயிற்றுக்கு, மூன்றாவது... மூன்றாவது வரியில் என்ன எழுதியிருந்தது? எவ்வளவு யோசித்தும் அந்த எழுத்து கண்ணுக்கு வரவில்லை. தான் எடுத்துக் கொடுத்த அட்டைதான் வந்தது.

முதலாளி அரங்கநாதனிடம் விஷயத்தைச் சொல்லி, பில்லில் இருந்த நம்பரையும் விலாசத்தையும் வாங்கிக் கெங்கம்மாளுக்குப் போன் போட்டார், ஸ்விட்ச் ஆஃப். கடைக்குப் போகவில்லை. திண்டிவனத்தில் இறங்கிச் செஞ்சி பஸ் ஏறி, அங்கிருந்து அனந்தபுரத்துக்கு இன்னொரு பஸ் பிடித்தார். இரண்டு பஸ்ஸிலும் உட்கார இடம் இருந்தது, இவரால்தான் உட்கார முடியவில்லை.

கெங்கம்மாள் வீட்டு வாசலில் மல்லாட்டைச் செடி குவிந்து கிடந்தது. நிலக்கடலையை ஆய்ந்துகொண்டிருந்த மருமகள் எழுந்து வந்தாள்.

"அத்த படுத்துக்கினு இருக்காங்க. காலைல மாத்திரை போட்டாங்களா, கொஞ்ச நேரத்துல கை காலெல்லாம் ஒதற ஆரம்பிச்சிடுச்சி. வேர்த்து ஊத்துச்சி. சக்கரத் தண்ணி கரைச்சிக் குடுத்தேன், இப்பதான் தேவலாம்."

உள்ளே கெங்கம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இவரை அடையாளம் கண்டுகொண்டதும் முகம் மலர்ந்தது. "மெடிக்கல் தம்பியா? என்னாப்பா இவ்ளோ தூரம்?"

"அம்மா, நான் மாத்திரைய மாத்திக் குடுத்துட்டேம்மா. தப்பு என்னுதுதான். இனிமே அத போடாதீங்க."

"அதுக்கா வேலய வுட்டுட்டு ஓடியாந்த? எந்த மெடிக்கல்ல இப்படி வருவாங்க?" கெங்கம்மாள் மருமகளைப் பார்த்துச் சொன்னார். "டாக்டருங்க கிறுக்கிக் கிறுக்கி எழுதறாங்க. பாவம், இது என்னா பண்ணும்?"

மருமகள் சீட்டை எடுத்து வந்து கொடுத்தாள். சவுரிராயன் வாங்கிப் பார்த்தார். கிறுக்கலே இல்லை. மூன்றாவது வரியில் கால்சியம் மாத்திரை என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் படிக்கிற மாதிரி எழுதியிருந்தது. முதல் இரண்டு வரியைப் படித்திருக்கிறார், மூன்றாவது வரியைப் படிக்கவே இல்லை. பிரஷர், வயிறு என்று போன போக்கில் அடுத்தது சுகர் என்று கை போட்டுவிட்டது.

அங்கிருந்தே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். விழுந்த திட்டை அப்படியே வாங்கிக்கொண்டார். டாக்டரம்மா சொன்னபடி கெங்கம்மாளைச் சாப்பிட வைத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆட்டோவில் கூட்டிப்போய்ச் சுகர் பார்த்து, அங்கேயே வைத்திருந்து மறுபடியும் பார்த்து, பயமில்லை என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் பஸ் ஏறினார். கெங்கம்மாள் ஒரு பை நிறைய மல்லாட்டை கொடுத்தனுப்பினார். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்றே முடிவு செய்தார். இனி தெரியாததை நிரப்புவதில்லை, பரீட்சையிலும்தான். போனால் போகட்டும் அயர்லாந்து.

திங்கட்கிழமை பரீட்சை. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் எழுதுவது என்பதால், விழுப்புரம் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்தார். கலைப்பிரியாவின் லேப்டாப்பைக் கடன் வாங்கியிருந்தார். பத்தி வந்தது. கடலுக்கடியில் கேபிள் போடுகிற விஷயம். தெரிந்ததை மட்டும் நிரப்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டே முதல் வரியைப் படித்தார். கேபிளைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது. நிமிர்ந்து பார்த்தபோது இன்னும் ஐம்பது விநாடி மிச்சம் இருந்தது, காலிக் கட்டம் ஒன்றும் மிச்சமில்லை. எதைத் தெரிந்து போட்டோம், எதைத் தெரியாமல் போட்டோம் என்று திரும்பிப் பார்த்தார். எல்லாம் ஒன்று போலவே இருந்தது. அழிக்கலாம் என்றால் எதை அழிப்பது?

இரண்டு நாளில் ரிசல்ட் வந்தது. கேட்ட மார்க்குக்கு மேலேயே நாலு மார்க்.

ஜெசிந்தா போனிலேயே அழுதாள். "நான் சொல்லல? யோசிக்காம எழுதினா வரும்னு?"

"ஆமா, யோசிக்கல" என்றார் சவுரிராயன். "ஜெசி, அங்கயும் சீட்டப் பாத்துதான் மாத்திரை குடுக்கணும் இல்ல?" என்று கேட்டார்.

"இங்க எல்லாம் டைப் அடிச்சி வரும்ங்க. அச்சு மாதிரி இருக்கும். படிக்கறதுல கஷ்டமே இல்ல, பயப்படாதீங்க."

அவருக்குப் பயம் கூடித்தான் போயிற்று. கெங்கம்மாள் சீட்டும் அச்சு மாதிரிதான் இருந்தது. வேண்டியது கிடைத்துவிட்டது. கிடைத்ததும் குதிக்க வேண்டிய மனசு குதிக்கவில்லை.

அரங்கநாதன் மாலை போடாத குறையாக எல்லோரிடமும் சொன்னார், "நம்ம சவுரி ஃபாரின் போறாரு." அடுத்த மாதக் கடைசி வரை வேலையில் இருப்பதாகப் பேச்சு. மறுநாள் பதினோரு மணிக்குக் கடையில் கூட்டம். ஒரு பெண் சீட்டை நீட்டினாள். சவுரிராயன் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார், அவளும் பதில் சொன்னாள். இரண்டு மாத்திரை. அனந்தபுரம் விஷயத்துக்குப் பிறகு டாக்டரம்மா ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக, பெரிதாகத்தான் எழுதிக்கொண்டிருந்தார். சவுரிராயன் ஒவ்வொரு எழுத்தின் மேலும் விரலை வைத்துப் படித்தார். மறுபடியும் படித்தார். அலமாரிப் பக்கம் திரும்பியவர் திரும்பி வந்து மூன்றாவது தடவையும் படித்தார். பிறகு போனை எடுத்தார்.

"அம்மா, மெடிக்கல்லருந்து சவுரி பேசறேங்க. இப்ப ஒரு சீட்டு அனுப்பினீங்களே, ரெண்டாவது மாத்திரை என்னான்னு சொல்றீங்களா?"

"என்ன சவுரி, காலைலருந்து இது ஏழாவது போன். பெரிய எழுத்துல தெளிவாத்தானே எழுதியிருக்கேன்?"

"தெளிவாத்தாங்க இருக்கு" என்றார் சவுரிராயன். "அதாங்க கேக்கறேன்."