பலாலியிலிருந்து திருச்சிக்கு எத்தனை வளைவு?

பிள்ளைகளே, உங்கள் அத்தை, என் அக்கா, விமானம் ஏறிய கதையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த மாதிரி எழுதுகிறேன். இதில் என் முட்டாள்தனமும் வரும், சிரித்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் தொடக்கம். இலங்கை மலைநாட்டில், தெமோதரைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். அக்காவின் வீட்டுக்காரருக்கு இந்தியக் குடியுரிமை வந்து, அவர் முன்னாலேயே திருச்சிப் பக்கம் போய்விட்டார். போனால் போனதுதான், திரும்பி வர வழியில்லை. அங்கே ஒரு வீடு பார்த்துவிட்டு, அக்காவுக்கு யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து விமான டிக்கெட் அனுப்பியிருந்தார். கப்பல் வேண்டாம் என்று அவர் நினைத்த காரணம் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயம் முழுக்கத் தெரியும். பஸ் மூன்றாவது வளைவில் திரும்பினாலே அக்காவுக்கு வாந்தி வந்துவிடும். பெரகலவில் ஒரு கல்யாணத்துக்குப் போனவள், தாலி கட்டியதைக்கூடப் பார்க்காமல் படுத்திருந்துவிட்டு வந்தாள். ரயில் மட்டும் ஒத்துக்கொள்ளும். ஆகவே யாழ்ப்பாணம் வரைக்கும் கவலையில்லை.

“தம்பி, பலாலியிலேருந்து திருச்சிக்கு எத்தனை வளைவுடா?” என்று கேட்டாள்.

லயத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன் நான்தான். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. பள்ளிக்கூட வாத்தியாரிடம் தேசப்படப் புத்தகம் இரவல் வாங்கி, தையல் நூலால் அளந்தேன். நூலை நேராக வைக்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. நேரான பாதையை நான் எங்கே கண்டேன்? எங்கள் தெமோதரையில் ரயிலே மலையைச் சுற்றி வந்து, தான் நின்ற ஸ்டேஷனுக்கு அடியில் புகுந்துதான் போகிறது. அப்படியிருக்க, மேகம் வரைக்கும் ஏறுகிற விமானம் சும்மா ஏறிவிடுமா? ஏறப் பத்துச் சுற்று, இறங்கப் பத்துச் சுற்று, நடுவில் கடலுக்கு மேலே கொஞ்சம் நெளிவு என்று நூலைச் சுருட்டிச் சுருட்டி வைத்தேன். பதுளை பஸ் ஓடுகிற வேகத்தில் கணக்குப் போட்டால் ஒரு பகலும் ஒரு இரவும் ஆனது. வளைவு முந்நூறுக்குக் குறையாது என்று அறிவித்தேன்.

அக்கா பெட்டியில் அடுக்கிய சேலைகளை வெளியே எடுத்தாள். “அப்ப நா போகல. அவர வேற கல்யாணம் பண்ணிக்கச் சொல்லி எழுது.”

வீட்டில் கடிதம் எழுதுகிறவனும் நான்தான். எழுதக் கை வரவில்லை. பதுளையில் ஒரு துணிக்கடை முதலாளி இருந்தார். சரக்கு எடுக்கத் திருச்சிக்கு விமானத்தில் போய்வருகிற முஸ்லிம் பெரியவர். ஞாயிற்றுக்கிழமை அக்காவை இழுத்துக்கொண்டு அவரிடம் போனேன். அன்றைக்கு ரயிலைத் தவறவிட்டு பஸ்ஸில் போனதால், ஐந்து இடத்தில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியவள், முகம் வெளிறிப்போய்க் கடைக்குள் வந்து உட்கார்ந்தாள்.

என் நூலையும் படத்தையும் முதலாளி வாங்கிப் பார்த்தார். பிறகு நூலின் இரண்டு முனையையும் பிடித்து இழுத்தார். “தம்பி, ஆகாசத்துல மலை இருக்கா, சுத்திப் போறதுக்கு?” பலாலிக்கும் திருச்சிக்கும் நடுவே நேராக வைத்தபோது, தேவைப்பட்ட நூல் அவர் சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் இறக்கிவிடுவார்கள் என்றார்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். “இவன நம்பி புருசனையே விட்டுருப்பேன், முதலாளி.”

அடுத்த மாதம் புறப்பட்டாள். நான் பலாலி வரை கூடப் போனேன். இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது, யாரையோ பிடித்து எழுத வைத்திருந்தாள். விமானத்தில் ஏறியதும் ஒரு டொபி மிட்டாய் கொடுத்தார்களாம். அது கரைந்து முடியுமுன்னே இறங்கு என்றார்களாம். விமான நிலைய வாசலில் நின்ற வீட்டுக்காரரிடம், வாயில் டொபி இருந்ததால், உடனே பேச முடியவில்லையாம்.