முதலில் ஓடுகிறவள்

குளியலறை ஸ்டூலில் உட்கார்ந்து இடது கணுக்காலுக்குப் பட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறாள். கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. இருந்தாலும் பிளாஸ்திரியைப் பல்லால் கடித்துத்தான் கிழிப்பாள். முதல் பட்டை உள்பக்கம் இறங்கி, குதிகாலுக்கு அடியில் புகுந்து, வெளிப்பக்கம் ஏற வேண்டும். அடுத்தது அதன் மேல் பாதி ஏறி உட்கார வேண்டும். ஒரு சுருக்கம் விழுந்தாலும் உரித்தெறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள். சுருக்கத்தோடு ஓடினால் அரை மணி நேரத்தில் கொப்புளம் வந்துவிடும்.

"துரைக்குச் சட்டை கசங்கக் கூடாது" என்பாள். துரை என்பது அந்தக் கால். காலையில் விறைப்பாக இருந்தால் "துரை இன்னும் எந்திரிக்கல." படியில் வலித்தால் "துரைக்கு இன்னைக்கு மூடு சரியில்ல."

ஒட்டி முடித்ததும் எழுந்திருக்க வேண்டும். ஸ்டூலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு எஃகுக் கம்பி இருக்கிறது. மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்த வாரத்தில் கணவர் பொருத்தியது, நான்கு திருகாணிகள் போட்டு. அதை அவளுக்குப் பிடிக்காது. ஒரு துண்டைக்கூட அதில் போடமாட்டாள். ஆனால் எழுந்திருக்கும்போது, வாய்க்குள் அதைத் திட்டிக்கொண்டே, அதைத்தான் பிடித்துக்கொள்வாள். கம்பியின் நடுவில் ஒரு கையகல இடம் மட்டும் பளபளவென்று இருக்கிறது. அதைக் கணவர் கவனித்திருக்கிறார். 

அவளுக்கு முப்பத்து நான்கு வயது. மருத்துவமனைச் சலவைப் பிரிவில் விரிப்பு மடிக்கிறவள்; மருத்துவமனை ஹாக்கி அணியில் பதினோரு வருடமாகத் தடுப்பாட்டக்காரி. அணியில் அவள் பெயர் தாப்பா. கோலுக்குப் போகும் வழியைத் தாழ்ப்பாள் போட்டு அடைக்கிறவள் என்று யாரோ ஆரம்பித்து வைத்தார்கள். இப்போது சம்பளம் போடும் குமாஸ்தாகூட அப்படித்தான் கூப்பிடுகிறார். பெயருக்கு ஏற்ற மாதிரி, ஒருக்களித்து நிற்கும் கதவைக் கண்டால் அவளுக்குப் பொறுக்காது. அடுத்தவர் வீடாக இருந்தாலும் எழுந்துபோய்ச் சாத்திவிட்டு வருவாள்.

ஹாக்கியில் பெனால்டி கார்னர் என்று ஒன்று உண்டு. எதிரணி கோல் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளும். வட்டத்தின் விளிம்பில் நிற்பவள் அதை வாங்கி இழுத்து வீசுவாள். தடுக்கிற பக்கத்தில் கோல்கீப்பரையும் சேர்த்து ஐந்து பேர். அதில் ஒருத்தி முகமூடி மாட்டிக்கொண்டு, பந்து வரும் திசைக்கு நேராக, வீசுகிறவளை நோக்கி ஓட வேண்டும். புத்தியுள்ள எவளும் கேட்டு வாங்காத வேலை. தாப்பா ஒன்பது வருடம் அதைச் செய்தாள். வேறு யாராவது முகமூடியை எடுத்தால் முறைப்பாள்.

போன வருடம் ஈரத் தரையில் திரும்பும்போது ஷூ பதிந்து நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. கணுக்கால் இரண்டு பக்கமும் உடைந்தது. தகடு ஒன்று, திருகாணி ஏழு. அறுவை செய்த மருத்துவர் நல்லவர், பொய் சொல்லத் தெரியாதவர். நடக்கலாம், படி ஏறலாம், விளையாட்டை மறந்துவிடலாம் என்றார். இவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எத்தன நாள் கழிச்சு ஓடலாம் டாக்டர்?" என்றாள். அவர் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். இவளும் மறுபடியும் அதையே கேட்டாள். கடைசியில் அவர் பயிற்சித் தாளை எழுதிக் கொடுத்து ஆளை அனுப்பி வைத்தார்.

அந்தத் தாளில் குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சி ஒன்று இருந்தது: நாளுக்கு மூன்று வேளை, வேளைக்குப் பத்து. இவள் அதை வேலையோடு முடிச்சுப் போட்டாள். ஒரு விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். இவள் ஒரு முனை, கூட்டாளி ஒரு முனை. ஒவ்வொரு விரிப்புக்கும் ஒரு தடவை குதிகால் ஏறி இறங்கும். ஒரு நாளைக்கு இருநூறு விரிப்பு. எதிர்முனையில் நின்ற கூட்டாளி, இவளைவிட ஆறு வயது மூத்தவள், ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏண்டி, நான் மடிக்கிறது துணியா, இல்ல படகுப் பாயா? மேலயும் கீழயும் போகுது."

"நீங்களும் தூக்குங்கக்கா. ரெண்டு பேருக்கும் நல்லது."

"எனக்கு இருக்கிற கால் போதும்."

கால் உடைந்த பத்தாம் மாதம் பயிற்சிக்குத் திரும்பினாள். முதல் ஆளாக ஓடும் இடம் அதற்குள் எக்ஸ்ரே பிரிவுப் பெண்ணுக்குப் போயிருந்தது. தாப்பாவின் உடைந்த காலைப் படம் எடுத்ததும் அவள்தான். "என் எலும்பையும் பாத்துட்ட, என் எடத்தையும் எடுத்துட்ட. வீட்டுச் சாவியும் வேணுமா?" என்று கேட்டாள் தாப்பா. அந்தப் பெண் சிரித்தாள், முகமூடியைத் தரவில்லை.

ஓட்டம் வந்தது, திரும்புவது வந்தது. ஆனால் கார்னர் பயிற்சியில் மட்டும் பந்து தள்ளப்படுவதற்கு முன்பே இவள் கிளம்பிவிடுவாள். ஆட்டத்தில் அது குற்றம். கிளம்பினவளை நடுக்கோட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மிச்சம் இருப்பவர்கள் ஓர் ஆள் குறைந்து நின்று அடி வாங்க வேண்டும். ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூடச் செய்யாத தவறு, ஒரே வாரத்தில் ஆறு தடவை.

பயிற்சியாளர் மருத்துவமனையின் பாய்லரைப் பார்த்துக்கொள்பவர். அவசரப்படுகிறாள் என்று நினைத்தார். ஸ்கோர் எழுதும் நோட்டை நீட்டி, இந்த வருடம் உட்கார்ந்து எழுது, அணிக்கு அதுவும் உதவிதான் என்றார்.

"எழுதத்தான் வேணும்னா ரேஷன் கார்டுல என் பேரைத் திருத்தி எழுதறேன் மாஸ்டர், அதுல ரொம்ப நாளா தப்பா இருக்கு" என்று நோட்டை அவர் மடியிலேயே வைத்துவிட்டாள். அவருக்கும் கோபம் வந்தது. சனிக்கிழமை ஆட்டத்தில் ஒரே ஒரு வாய்ப்பு, அதில் முன்கூட்டி ஓடினால் இனி நோட்டுதான், பேச்சு கிடையாது என்றார்.

கணவர் பஸ் கண்டக்டர். விடுமுறை நாளில் மைதானத்து வேலியோரம் நின்று பார்த்துவிட்டு வந்தவர், சாப்பிடும்போது மெதுவாக எடுத்தார்.

"விசில் குடுக்கறதுக்கு முன்னாடி வண்டிய எடுக்கிற டிரைவரு அவசரக்காரன்னு எல்லாரும் சொல்வாங்க. அப்படி இல்ல. மேட்டுல வண்டி இழுக்குமோ இழுக்காதோன்னு பயந்தவன். அதான் அரை நிமிஷம் திருடறான்."

அவள் தட்டோடு எழுந்துபோனாள். மறுநாள் சாயங்காலம் வரை அவரோடு பேசவில்லை. பேசாததிலிருந்தே, சொன்னது சரியான இடத்தில் பட்டிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது.

அந்த வாரம் சலவைப் பிரிவில் புதுப் பழக்கம் ஒன்று வந்தது. துணி உலர்ந்ததும் டிரையரில் மணி அடிக்கும். மணி நெருங்கும்போது தாப்பா மடிப்பு மேசையருகே இடது காலைப் பின்னால் ஊன்றிக் குனிந்து நிற்பாள். மணி கேட்டபின் இயந்திரத்தைப் போய்த் தொட வேண்டும். ஒரு நொடி முந்தினாலும் கூட்டாளி விரிப்பு மடித்தபடியே "திருட்டு" என்பாள். திங்கட்கிழமை எட்டு திருட்டு. புதன்கிழமை மூன்று. வெள்ளிக்கிழமை கூட்டாளிக்கு வாய் திறக்க வேலை இல்லாமல் போனது.

சனிக்கிழமை எதிரணி தீயணைப்பு நிலையம். அவர்களில் வீசுகிறவள் ஆறடி உயரம், தண்ணீர்க் குழாய் தூக்கிப் பழகிய தோள். ஆட்டம் முடிய மூன்று நிமிடம், மருத்துவமனை ஒரு கோல் முன்னிலை, பெனால்டி கார்னர். எக்ஸ்ரே பெண் முகமூடியை எடுத்தாள். தாப்பா கையை நீட்டினாள். அந்தப் பெண் பயிற்சியாளரைப் பார்க்க, அவர் வானத்தைப் பார்த்தார். முகமூடி கைமாறியது.

பந்து தள்ளும் சத்தம் கேட்கும்வரை இவள் அசையவில்லை. கேட்டதும் இடது காலை உதைத்துக் கிளம்பினாள். துரை மக்கர் பண்ணாமல் இழுத்தார். ஆனால் பந்து தாழ்வாக வந்து அதே இடது கணுக்காலில், பட்டைக்கு மேலேயே அடித்தது. மைதானத்தில் எல்லோருக்கும் அந்தச் சத்தம் கேட்டது. இவள் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

காலில் பட்டால் இன்னொரு கார்னர். முதலுதவிக்காரர் பையோடு ஓடிவந்தார். அவர் உள்ளே வந்து தொட்டால் ஆட்டக்காரி வெளியே போயாக வேண்டும், அதுவும் விதிதான். இவள் தலை நிமிராமலே கையைக் காட்டி அவரைக் கோட்டிலேயே நிறுத்தினாள்.

"உள்ள கால் வெக்காதீங்கண்ணே. எனக்கு ஒண்ணும் இல்ல."

"சத்தம் கேட்டுச்சும்மா."

"தகடு. எலும்பு இல்ல."

தானே விரல்களை மடக்கிப் பார்த்தாள், பாதத்தை ஊன்றிப் பார்த்தாள். எழுந்தாள், பிடித்துக்கொள்ள அங்கே எதுவும் இல்லை. கோல் கோட்டுக்கு நடந்துபோய் மறுபடியும் குனிந்து நின்றாள். எக்ஸ்ரே பெண் பக்கத்தில் வந்து, நான் ஓடட்டுமா அக்கா என்றாள். "நாளைக்கு நீ படம் எடு. இப்ப நான் ஓடறேன்" என்றாள் தாப்பா.

இந்தத் தடவையும் சத்தம் வரும்வரை நின்றாள். பிறகு ஐந்தே எட்டில் பாய்ந்தாள். வீசுகிறவளின் மட்டையிலிருந்து பந்து கிளம்புவதற்குள் இவளுடைய மட்டை அங்கே இருந்தது. பந்து எகிறி வேலிக்கு வெளியே போய், சைக்கிள் நிறுத்துமிடத்தில் எதையோ உடைத்தது. ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் ஸ்கோர் நோட்டைச் சுருட்டிக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். பாராட்டெல்லாம் இல்லை. அடுத்த சனிக்கிழமை அரைமணி முன்னதாக வரச் சொன்னார்.

மறுநாள் காலை கணுக்கால் வீங்கி, ஊதாவும் பச்சையுமாக இருந்தது. படம் எடுத்தாகிவிட்டது, தகடும் ஏழு திருகாணிகளும் போட்ட இடத்திலேயே இருந்தன. காலுக்கு ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு, கணவரின் கருவிப் பெட்டியோடு குளியலறைக்குள் போனாள். சத்தம் கேட்டு அவர் எட்டிப் பார்த்தபோது இரண்டு திருகாணிகள் வெளியே வந்துவிட்டன.

"இன்னைக்கேவா? கால் இருக்கிற இருப்புல?"

"திருகாணியெல்லாம் என் கால்ல இருக்கிறது போதும்."

கம்பியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். சுவரில் நான்கு ஓட்டைகள். பற்பசையைப் பிதுக்கி ஒவ்வொன்றாக அடைத்துப் பெருவிரலால் வழித்துவிட்டாள். விரலில் மிச்சமிருந்ததை பிரஷ்ஷில் தடவிக்கொண்டு, ஸ்டூலைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு, நின்றபடியே பல் துலக்க ஆரம்பித்தாள்.