தறிக்குழியில் நின்ற தண்ணீர்

மைதீன் பாத்திமாவுக்குக் கோபம் வந்தால் மேலப்பாளையத்தில் எங்கள் தெரு முழுக்க இரண்டு சத்தம் கேட்கும். ஒன்று அவள் வாய், இன்னொன்று அவள் தறி. டில்லியில் தர்பார் நடந்ததற்கு அடுத்த கோடையில் தறிச்சத்தம் நின்றுபோய் வாய்ச்சத்தம் மட்டும் கேட்டது. அதற்குக் காரணமான மனிதரை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அவள் புருஷன் ஷேக் மைதீன் கொழும்புக்குப் போன இடத்தில் காய்ச்சலில் மவுத்தாகிவிட்டான். அவன் விட்டுப்போனது பாதி வீடும் ஒரு குழித்தறியும்தான். தரையில் தோண்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, மிதிகட்டையை மிதித்து நெய்ய வேண்டும். வெளியே போகாமல், யார் கையையும் எதிர்பார்க்காமல் சாப்பிட அவளுக்கு இருந்தது அந்த ஒரு வழிதான்.

மறுபாதி வீட்டில் புருஷனின் அண்ணன் காஜா முகைதீன் இருந்தார். ஜவுளி வியாபாரி, ஐம்பதைத் தாண்டியவர். முதல் மனைவி போன பிறகு, அந்த வருஷம்தான் ஜுபைதா பீவியை இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். இரண்டு பாதிக்கும் நடுவே ஒரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் வீட்டுக் குளிக்கிற அறை, இந்தப் பக்கம் பாத்திமாவின் தறிக்குழி.

கோடை தொடங்கியதும் குழியில் தண்ணீர் ஊற ஆரம்பித்தது. முதலில் கால்விரல் நனைந்தது. பிறகு கணுக்கால் வரை நின்றது. பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி பூசணம் பிடித்து, ஊடு நூல் சுற்றிய நாடாக்கட்டையை எறிகிற ஒவ்வொரு எறிக்கும் நூல் அறுந்தது. மொண்டு மொண்டு ஊற்றினாலும் மறுநாள் அதே தண்ணீர்.

காஜா முகைதீன் வந்து எட்டிப் பார்த்தார். "கால்வாய் ஊத்து, பாத்திமா. பக்கத்துல பாளையங்கால்வாய் ஓடுது, குழி வெட்டினா தண்ணி வராமலா இருக்கும்? பேசாம குழிய மூடிப்போடு. இந்த அறையில நான் சரக்கு அடுக்கிக்கிடுதேன். எங்க வீட்டுல ஒனக்கு ஒரு வாய் சோறு இல்லாமலா போயிரும்?"

அந்த ஒரு வாய் சோற்றில்தான் அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"கால்வாய அடைச்சுப்போட்டு மணல்லாம் தெரியுது மச்சான். பயலுவ உள்ள எறங்கி வெளையாடுதானுவ. கால்வாயிலயே இல்லாத தண்ணி எங்குழிக்கு எங்கருந்து வருது? ஒங்க குளிக்கிற கல்லுக்கும் செவருக்கும் நடுவுல காரை பேந்து கெடக்கு. குளிச்ச தண்ணி பூராவும் அதுவழியாத்தான் எறங்குது."

அவர் காதில் வாங்கவில்லை. பாத்திமாவும் விடவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அதையே சத்தம் போட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்கத் தொடங்கியதும், மானம் போகிறதே என்று அவர் பாளையங்கோட்டையிலிருந்து பூதத்தான் கொத்தனாரைக் கூட்டிவந்தார்.

கோஷா வீட்டில் பெண்கள் குளிக்கிற இடத்துக்குள் வெளி ஆண் கால் வைப்பது லேசான காரியமில்லை. ஜுபைதாவைக் கொல்லை வழியாகப் பாத்திமா வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் கொத்தனாரை உள்ளே விட்டார்கள். அவர் பழைய காரையைக் கொத்தி எடுத்தார். கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டு அரைத்த சுண்ணாம்புச் சாந்தைக் கல்லுக்கும் சுவருக்கும் நடுவே திணித்தார். ஓட்டுச் சில்லுகளைச் செருகி, கூழாங்கல்லால் தேய்த்து வழவழப்பாக்கி, மேலே ஈரச்சாக்கைப் போட்டார்.

"சாக்குல லேசாத் தண்ணி தெளிச்சுட்டு வந்தாப் போதும் மொதலாளி. நான் வந்து பாத்துச் சொல்லுத வரைக்கும் யாரும் அங்கன குளிக்கப்படாது. மிதிக்கவும் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதுவரை ஜுபைதா குளிக்க என்ன செய்வாள்? பாத்திமா தன் கொல்லையில் கிணற்றடியில் ஓலைத்தட்டி கட்டிக்கொடுத்தாள். குழியும் நன்றாகக் காய ஆரம்பித்தது. ஒரு வாரம் போவதற்குள் மறுபடியும் தண்ணீர்.

"பாத்தியா? நான்தான் சொன்னேனே, கால்வாய் ஊத்துன்னு" என்றார் காஜா முகைதீன். அவர் முகத்தில் இருந்த திருப்தியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கொத்தனார் திரும்பி வந்து எல்லாவற்றையும் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசினார். அதுவும் நிற்கவில்லை. மூன்றாம் முறை வந்தவர் வாசலில் நின்றபடியே சொன்னார்.

"பச்சச் சாந்துல யாரோ தண்ணி ஊத்துதாங்க மொதலாளி. எஞ்சாந்து இப்படிக் கரையாது."

காஜா முகைதீன் தாடியைத் தடவினார். "புதுப்பொண்ணு இருக்கிற வீடு வே. என்னத்தக் கேக்க, எப்படிக் கேக்க?"

அவ்வளவுதான், எல்லார் வாயும் அடைத்துப்போயிற்று. புருஷன் பெண்டாட்டி சேர்ந்திருந்தால் விடியுமுன் முழுகினால்தான் தொழுகைக்கு நிற்கலாம். அது எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுப் பேச மாட்டார்கள். பேச முடியாத விஷயமாகப் பார்த்து, கட்டின பெண்டாட்டி தலையில் பழியைப் போட்டார் அந்த மனிதர். ஜுபைதா பாத்திமாவின் அடுக்களையில் உட்கார்ந்து அழுதாள். நான் இல்லை என்று சொல்ல வேண்டுமானால்கூட எதைப் பற்றி என்று சொல்ல வேண்டுமே.

ஆனால் பாத்திமாவுக்குத் தெரியும். தினமும் விடியற்காலையில் அந்தப் பெண் நடுங்கிக்கொண்டு கொல்லைக் கதவைத் தட்டுவதும், தான் எழுந்து தண்ணீர் இறைத்துக் கொடுப்பதும் அவளுக்குத் தெரியாதா? சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கொல்லை வழியாக அந்த வீட்டுக்குள் போனாள். குளிக்கிற அறையில் சாக்கைத் தூக்கிப் பார்த்தாள். சாந்தில், சுவர் ஓரமாக, ஒரு குதிகால் ஆழமாகப் பதிந்து கிடந்தது. தோசைக்கல் மாதிரி அகலம். பித்தவெடிப்புகூட அப்படியே விழுந்திருந்தது. ஜுபைதாவின் இரண்டு குதிகாலை வைத்தாலும் அதற்குள் அடங்கும்.

காரணம் விளங்க அவளுக்கு நேரம் ஆகவில்லை. எங்கள் ஆண்கள் கால்வாயில்தான் முழுகுவார்கள். அது அடைத்திருந்ததால் ஆற்றுக்குப் போக வேண்டும். விடியற்காலையில் தோளில் துண்டோடு ஒரு ஐம்பது வயது மாப்பிள்ளை போனால், பள்ளிவாசல் முக்கில் நிற்கிற இளவட்டங்கள் சும்மா விடுவார்களா? அந்தக் கிண்டலுக்குப் பயந்து மனிதர் சத்தமில்லாமல் சாக்கை ஒதுக்கிவிட்டு வீட்டிலேயே முழுகியிருக்கிறார்.

வாசலில் அவர் இப்போது, சாந்திலும் கோளாறு என்று கொத்தனாரை வைதுகொண்டிருந்தார். பாத்திமா நடைவாசல் திரைக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"கொத்தனார வையாதீங்க மச்சான். ஜுபைதா பேரச் சொல்லாதீங்க. அவ குளிக்கிறது எங்கொல்லையில. சாந்துல பதிஞ்சு கெடக்கிறது ஒங்க குதிகாலு."

கொத்தனார் தன்னையறியாமல் அவர் காலைப் பார்த்தார். காஜா முகைதீன் காலைப் பின்னுக்கு இழுத்தார்.

"ஆத்துக்குப் போவ வெக்கமா இருக்கோ? பொண்டாட்டிமேல பழி போட வெக்கமில்ல. தம்பி பொண்டாட்டி குழியில தண்ணிய விட்டுட்டு, குழிய மூடுன்னு சொல்லுததுக்கும் வெக்கமில்ல. குளிக்கிறதுக்கு மட்டும் வெக்கமாக்கும்."

கொத்தனார் பைய உள்ளே போய் மறுபடியும் பூசினார். இந்தத் தடவை சாந்து கல்லாய் இறுகியது. பாத்திமாவின் குழி காய்ந்து, தரையில் வெடிப்பு விட்டது. புதுப்பாவு ஏற்றினாள். காஜா முகைதீன் ஆற்றுக்குப் போகும்போது இளவட்டங்கள் என்னென்ன கேட்டார்கள் என்பதை நான் எழுத மாட்டேன். நல்லா வேணும் அவருக்கு.

குளிக்கிற அறை சரியான பிறகும் ஜுபைதா கொல்லைக் கதவைத் தட்டுவதை நிறுத்தவில்லை. குளித்துவிட்டு உட்கார்ந்து நூல் சுற்றிக் கொடுத்தாள். பிறகு அறுந்த நூலை முடிந்து கொடுத்தாள். மழைக்காலம் முடிவதற்குள் ஒருநாள், பசியோடு காஜா முகைதீன் கொல்லை வாசலுக்கு வந்தார்.

"ஜுபைதா எங்க? நேரம் என்ன ஆச்சு, சோறு வைக்க ஆளக் காணோம்."

பாத்திமா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால், உள்ளே, தறி ஓடிக்கொண்டிருந்தது.

"அவ குழியில இருக்கா மச்சான். நீங்க போயிச் சாப்பிடுங்க. அவளுக்கு இங்கன ஒரு வாய் சோறு இல்லாமலா போயிரும்?"