செல்லாயியிடம் நான் சொன்ன பொய்

பெற்ற தாயிடம் போய், அவள் மகள் செத்துவிட்டாள் என்று சொன்னவள் நான். அந்த மகளும் நான்தான்!

அப்போது எனக்குப் பதினைந்து வயது, யுத்தகாலம். அரியலூருக்கு அருகே, நிலபுலன் உள்ள வீட்டின் ஒரே பெண்ணாக வளர்ந்தேன். என் கல்யாணத்துக்கு நகை எடுத்துவைத்த அன்று, "பெத்த பொண்ணா இருந்தாக்கூட இவ்வளவு செய்வியா?" என்று அத்தை அம்மாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

அம்மாவை விடாமல் கேட்டேன். அவள் மறைக்கவில்லை. தனக்குக் குழந்தை இறந்தே பிறந்ததாம். அதே வாரம், பருத்தி எடுக்க வந்த குன்னத்துச் செல்லாயி என்னைப் பெற்றாளாம். புருஷன் இல்லாதவள், கையில் ஏற்கெனவே ஒரு பெண்குழந்தை. என்னைக் கொடுத்துவிட்டாள்.

மூத்தவளை வைத்துக்கொண்டு என்னை ஏன் கொடுத்தாள்?... அந்தக் கேள்விதான் என்னை வீட்டைவிட்டு ஓடவைத்தது. மறுநாள் காலை கோயிலுக்கென்று கிளம்பி, பெரம்பலூர் போகும், பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியில் ஓடிய பஸ்ஸில் ஏறிக் குன்னத்தில் இறங்கினேன்.

விசாரித்துக்கொண்டு வெங்காயக் காட்டுக்குப் போனேன். தாயும் மகளும் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். "கண்ணு தெரியலையாடி? பயிரப் புடுங்குற" என்று மகளின் முதுகில் ஒன்று வைத்தாள் செல்லாயி. மகள் சிரித்தாள். என்னை ஒருநாளும் யாரும் அப்படி அடித்ததில்லை... அந்த அடியின் மேல் எனக்குப் பொறாமை பொங்கியது!

என் காதுத்தோட்டைப் பார்த்ததும் செல்லாயி எழுந்து நின்றாள். "யாருங்க? தண்ணி வேணுங்களா?"

பெற்ற மகளுக்கு அந்த மரியாதை! ஊரைச் சொன்னேன். அவள் முகம் மாறியது. தான் பருத்தி எடுத்த வீட்டுப் பெண் சௌக்கியமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அது அம்மை போட்டுச் செத்துப்போச்சு" என்றேன்.

ஏன் சொன்னேன்? அவளுக்கு வலிக்கவேண்டும்... அவ்வளவுதான். வரப்பில் சரிந்தாள். எனக்காகத்தான் அழுதாள்; ஆனால் மூத்தவளின் மடியில் முகம் புதைத்து அழுதாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். தாயை அணைத்திருந்த அந்தக் கைகளைப் பார்த்ததும் சொல்ல மனசு வரவில்லை. திரும்பி நடந்தேன்.

சாயங்காலம் பஸ் நிற்கும் இடத்தில் அப்பா என்னைக் கண்டுபிடித்தார். வீட்டுக்கு அழைத்துப்போனார். கல்யாணம் நடந்தது.

மூன்று வருஷம் கழித்து, புகுந்த வீட்டுக்குச் சோளம் அறுக்க வந்த குன்னத்துப் பெண்கள், செல்லாயி இறந்ததைப் பேசிக்கொண்டார்கள். தலை முழுகினால் யார் செத்தது என்று கேட்பார்களே! நான் முழுகவில்லை. மாமனாருக்குச் சோறு பரிமாறினேன். வாய்விட்டு அழ உரிமை இருந்த அந்த அக்காளை நினைத்துப் பொறாமைப்பட்டேன்... இன்றும் படுகிறேன்.