தெருவில் பிடித்த முடி

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் திரி சொருகினேன். என் வீட்டுக்காரர் அங்கேயே லோடு ஏற்றினார். மூன்று வருடத்துக்கு முன் சோதனைக்கு வந்தவர்கள் கம்பெனிக்குப் பூட்டுப் போட, ஒரே நாளில் இரண்டு பேருக்கும் வேலை போனது.

ஆனால் குழுக் கடன் நிற்கவில்லை. எங்கள் தெருப் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து வாங்கியது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும். என் பங்கில்தான் அவருக்கு பைக் வாங்கியிருந்தோம். வாரா வாரம் செவ்வாய்க்கிழமை தவணை. யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள்ளேயே வெந்தேன்.

மூன்றாவது வாரமும் நான் கட்டாதபோது, வசூலுக்கு வருகிறவன் கதவை எட்டி உதைத்தான்.

"கட்ட வக்கில்லாதவ எதுக்குடி வாங்குன? நீ கட்டுற வரைக்கும் இவள்கள்ல ஒருத்தியும் வீடு போகக் கூடாது."

மற்ற ஒன்பது பேரையும் வெயிலில் நிறுத்தியிருந்தான். அவனிடம் வாய் திறக்காத என் வீட்டுக்காரர், என் பக்கம் திரும்பி ஓங்கி அறைந்தார். காது அடைத்துப் போனது. அதோடு வெளியே வந்தேன். குழுத் தலைவி என் முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். மதினி என்று நான் கூப்பிடுகிறவள். இருவரும் மண்ணில் புரண்டோம். அவள் என் தோளைக் கடித்தாள். நான் தோட்டைப் பிய்க்கும் வெறியில் அவள் காதைப் பிடித்தேன்.

தோடு இல்லை. காது ஓட்டை தூராமலிருக்கச் சொருகிய வேப்பங்குச்சிதான் கையில் வந்தது.

"தோடு எங்க மதினி?"

"ரெண்டு வாரமா ஒன் தவணைய யாரு கட்டுனான்னு நெனச்ச? வித்துட்டேன் புள்ள."

என் கை தானாக விட்டது. தலைக்கு மேலே சிரிப்புச் சத்தம். அவன் எங்கள் சண்டையைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

யார் முதலில் எழுந்தோம் என்று தெரியவில்லை. நான் அவன் சட்டையைப் பிடித்தேன், பொத்தான்கள் தெறித்தன. மதினி போனைப் பிடுங்கிக் கல்லில் அடித்தாள். பத்துப் பேரும் சேர்ந்து அவனைச் சாக்கடையில் தள்ளினோம்.

"பொம்பளைகள அடிச்சுக்க விட்டு வேடிக்கையா பாக்குற?" என்று கத்தினாள் மதினி.

வீட்டுக்குள் போனேன். "ஆடிட்டு வந்துட்டியா?" என்று அவர் மறுபடி கையை ஓங்கினார். மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தேன். "இன்னொரு தடவ கை நீட்டுனீக, கை இருக்காது" என்றேன். இன்னும் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் அப்போதுதான் அவரிடம் முதன்முறையாக உரக்கச் சொன்னேன். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கோ நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போலிருந்தது.

இரண்டு நாள் கழித்து அந்த வசூல்காரனுடைய மேலதிகாரி வந்து, போலீஸில் சொல்வேன் என்றார். "வாங்க, சேந்தே போவோம். கதவ ஒதச்சதையும் சொல்றோம்" என்றாள் மதினி. பாதித் தவணைதான் கட்டுவோம், வீட்டுப் படி ஏறக் கூடாது என்று பத்துப் பேரும் ஒரே பிடியாக நின்றோம். முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

பைக்கை விற்றோம். விருதுநகரில் ஒரு மிளகாய் வத்தல் கிட்டங்கியில் நான் காம்பு கிள்ளப் போனேன். அவரும் அங்கேயே மூட்டை தூக்கினார். கண்ணும் கையும் நெருப்பாக எரிந்தன. ஒரு வருடத்துக்கு மேல் ஆனது, எல்லாம் கட்டி முடிக்க. என் தோளில் மதினியின் பல் தடம் இன்னும் இருக்கிறது. பட்டாசுக் கம்பெனி மறுபடி திறந்ததும் நானும் மதினியும் ஒரே ஆட்டோவில் வேலைக்குப் போனோம்.