திருப்புளியார் கார் விற்ற வரலாறு

பெரிய மனிதர்களின் வரலாற்றைப் பிறந்த தேதியிலிருந்து தொடங்குவது வழக்கம். திருப்புளியாரின் வரலாற்றை அவருடைய சட்டைப் பையிலிருந்து தொடங்குவதுதான் நியாயம். மற்றவர்கள் பேனா செருகும் இடத்தில் அவருக்கு ஸ்க்ரூ முடுக்கும் ஒரு சிறிய திருப்புளி தலையை நீட்டிக்கொண்டிருக்கும். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இல்லாமல் இல்லை. சம்பளப் பட்டியலில் மாதம் ஒரு முறை அதற்கு வேலை வரும். மற்றபடி, ஊரின் பெரிய மருத்துவமனையில் தலைமை மருத்துவர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் திருப்புளியார்தான். இதில் மரியாதை எத்தனை பங்கு, பயம் எத்தனை பங்கு என்பது ஆராய்ச்சிக்குரியது.

பயம் ஏனென்றால், அவர் வந்து போன இடம் எதுவும் பழையபடி இருப்பதில்லை. மருத்துவமனையின் கட்டில், ஸ்ட்ரெச்சர், சக்கர நாற்காலி அனைத்துக்கும் இருபத்தாறு வருடமாக அவர்தான் வைத்தியர். உறவினர் வீட்டுக்குப் போனால், "வாங்க, உட்காருங்க" என்று காட்டிய நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து, நான்கு காலையும் ஆட்டிப் பார்த்த பிறகே உட்காருவார். ஒரு முறை மைத்துனர் வீட்டில் துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் எழுந்துபோய் உள்ளறைக் கதவின் கீலை இறுக்கினார். "கதவு ரொம்ப நேரமா கத்துதேன்னு பார்த்தேன்" என்றார். கத்திக்கொண்டிருந்தது மைத்துனரின் மாமியார்.

அவருடைய மனைவி அதே மருத்துவமனையில் நர்ஸ்களின் துணைக் கண்காணிப்பாளர். பணியிடத்தில் "சிஸ்டர்" என்று அழைத்துப் பழகிய வாய், அவசரத்தில் வீட்டிலும் அதையே சொல்லிவிடும். "சிஸ்டர், துண்டு எங்கே?" என்று குளியலறையிலிருந்து குரல் வரும். சிஸ்டரும் பொருட்படுத்தாமல் துண்டை எடுத்து நீட்டுவார். எனவே நாமும் அவரைச் சிஸ்டர் என்றே குறிப்பிடுவோம்.

இந்தத் தம்பதிக்கு நடுவே பதினோரு வருடமாக ஒரு கார் இருந்தது.

அறுபது வருடப் பழசான ஸ்போர்ட்ஸ் கார். கூரை கிடையாது, மூக்கு நீளம், தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். ஒரு காலத்தில் பந்தயத்தில் ஓடியது. மூடப்பட்ட பந்தய கிளப் ஒன்றின் கொட்டகையிலிருந்து திருப்புளியார் அதைப் பழைய இரும்பாக எடுத்து வந்தபோது உள்ளே இன்ஜின் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு பூனைக் குடும்பம் இருந்தது. பூனைகளைக் காலி செய்ய மூன்று வாரம் பிடித்தது. வண்டியைச் சாலையில் ஓடத் தகுந்ததாக்கப் பதினோரு வருடம். இன்ஜின் வேறொரு காரிலிருந்து வந்தது, பிரேக் ஒரு வேனிலிருந்து வந்தது. பந்தய வண்டிக்கு விளக்கு ஏது, ஹாரன் ஏது, பக்கத்தில் உட்காரத்தான் யார்? எல்லாவற்றையும் புதிதாக வைக்க வேண்டியிருந்தது. கடைசியில் போக்குவரத்து அலுவலகம் வண்டியைச் சோதித்து, மூலத்திலிருந்து மாறிய நாற்பத்து மூன்று அம்சங்களையும் அளவோடு பட்டியல் போட்டு, நான்கு பக்கத்தில் ஒரு சான்றிதழ் கொடுத்தது. திருப்புளியார் அதைப் பத்திரமாகப் பீரோவில் வைத்தார். பத்திரமாக வைத்த எல்லாவற்றையும் போல அதையும் மறந்தார்.

அப்போதுதான் சிஸ்டருக்குப் பதவி உயர்வு வந்தது. ஆறு மணி நேரப் பயணத்தில் இருக்கும் இன்னொரு ஊர் மருத்துவமனையில் கண்காணிப்பாளர் பதவி. கணவருக்கும் அங்கேயே இடம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். குடியிருப்பு மூன்றாவது மாடி, இரண்டு அறை. கார் ஷெட் கிடையாது.

"ஒண்ணாம் தேதி ஞாயித்துக்கிழமை காலையில ஒன்பது மணிக்கு லாரி வருது," என்றார் சிஸ்டர். "சாமான் ஏறும், நான் ஏறுவேன். நீங்க ஏறணும்னா ஷெட் காலியா இருக்கணும்."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா அதுகூடவே குடித்தனம் பண்ணுங்க. இப்பவும் அதைத்தானே பண்றீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்புளியார் சமாளித்திருப்பார். சிஸ்டர் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான்கு வாரம் இருந்தது.

அன்றிலிருந்து திருப்புளியாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பாட்டு மேசையைச் சுற்றி நடந்தபடி விளம்பரம் எழுதினார். எழுதியதைக் கிழித்துவிட்டு ஷெட்டுக்குப் போய் வண்டியைப் பார்த்தார். திரும்பி வந்து மறுபடி நடந்தார். மேசையின் ஒரு கால் ஆடுவது அப்போது தெரிந்ததால் விளம்பரம் ஒரு நாள் தள்ளிப்போனது.

முதலில் வந்தவர் ஒரு கல்லூரிப் பேராசிரியர். ஆறடி மூன்று அங்குலம். வண்டிக்குள் இறங்கி உட்கார்ந்ததும் அவருடைய இரண்டு முழங்காலும் ஸ்டியரிங்குக்கு இரு புறமும் காவல் நின்றன.

"அருமையான வண்டி சார்," என்றார். "ஆனா இதை ஓட்டணும்னா காலைக் கழட்டி வீட்டுல வெச்சுட்டு வரணும்."

யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பினார். தெருமுனையில் அவர் தலை மறைவதற்குள் திருப்புளியார் இருக்கையைக் கழற்றி, நான்கு விரற்கடை பின்னால் தள்ளிப் பொருத்த ஆரம்பித்துவிட்டார். பேராசிரியர் யோசித்துக்கொண்டேதான் இருக்கிறார்.

இரண்டாவதாக வந்தவர் பேக்கரிக்காரம்மா. சொந்தமாக மூன்று கடை. உயரம் ஐந்தடிக்கும் குறைவு. பின்னுக்குப் போன இருக்கையில் அவர் உட்கார்ந்தபோது கால்கள் அந்தரத்தில் நின்றன.

"அண்ணே, கிளட்ச் இருக்கிற இடத்துக்குத் தனியா பஸ் ஏறிப் போகணும் போலிருக்கே!"

இன்ஜினைக் கிளப்பிக் காட்டினார் திருப்புளியார். அந்த அம்மா காதைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, போதும்ணே! இந்தச் சத்தத்துல கேக் எல்லாம் கடை போய்ச் சேர்றதுக்குள்ள பொடியாயிடும்."

அவர் போனதும் மூன்று பெடல்களுக்கும் கட்டை முளைத்தது. வழவழவென்று தேய்த்து, வார்னிஷ் அடித்த கட்டை. மருத்துவமனையில் கழித்துப் போட்ட ஸ்டெரிலைசர் டப்பாவை வெட்டிச் சைலன்சருக்குள் இன்னொரு சைலன்சர் வைத்தார். வண்டி பெட்டிப்பாம்பாக அடங்கியது.

மூன்றாவது ஆள் ஒரு போட்டோகிராஃபர். டிவி விளம்பரப் படங்களுக்கு வாடகைக்கு விட வண்டி தேடினார். அவருக்கு வேண்டியது சத்தம்.

"ஸ்டார்ட் பண்ணுங்க சார், கேட்போம்."

"பண்ணியாச்சே."

போட்டோகிராஃபர் பானெட்டில் காதை வைத்தார். "கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா ஃப்ரிட்ஜ் பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கு சார்."

உள்ளே உட்கார்ந்து பார்த்தார். பெரிய ஷூ. கட்டைகளின் புண்ணியத்தில் பிரேக்கையும் கிளட்ச்சையும் சேர்த்தே மிதித்தார். பின்னால் பார்க்கும் கண்ணாடி சின்னதாக இருப்பதாகவும் போகிற போக்கில் ஒரு குறை சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை சிஸ்டர் டீயை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தபோது, திருப்புளியார் வேன் கண்ணாடி ஒன்றை வண்டியில் பொருத்திக்கொண்டிருந்தார்.

"அந்த போட்டோகிராஃபர் திரும்பி வர்றாரா?"

"வரமாட்டார்."

"அப்புறம் எதுக்கு இது?"

"கண்ணாடி சின்னதுன்னு சொன்னாரே."

சிஸ்டர் டீயைப் பலகையில் வைத்தார். "ஏங்க, நானும் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன். நெட்டையா ஒருத்தர் வந்தார், அவர் போன பிறகு வண்டி நெட்டையாச்சு. அடுத்து குள்ளமா ஒரு அம்மா வந்தாங்க. அவங்க போன பிறகு வண்டி குள்ளமாச்சு. நீங்க வர்றவங்களுக்கு வண்டியை மாத்தலே. போனவங்களுக்கு மாத்துறீங்க."

திருப்புளியார் ஐந்து நிமிடம் ஆடாமல் அசையாமல் நின்றார். அவர் வாழ்க்கையில் இது ஒரு சாதனை. ஆறாவது நிமிடம் கண்ணாடியின் இரண்டாவது திருகை முடுக்கினார்.

லாரி வர மூன்று நாள் இருக்கையில், வியாழக்கிழமை, நில அளவைக்கார அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும். வண்டியைச் சுற்றி வந்து புகழவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. "பேப்பர் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். பீரோ குடையப்பட்டு, நான்கு பக்கச் சான்றிதழ் வந்தது. அந்த அம்மா கைப்பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தார்.

"டிரைவர் சீட், ஸ்டியரிங்கிலிருந்து முப்பத்தெட்டு சென்டிமீட்டர்னு போட்டிருக்கு. இங்கே நாற்பத்தாறு இருக்கு."

"அது ஒரு பேராசிரியருக்காக."

"பெடல்ல கட்டைன்னு எங்கேயும் எழுதலையே?"

"அது ஒரு அம்மாவுக்காக."

"அந்த அம்மாவும் வண்டியோடவே வர்றாங்களா?"

திருப்புளியார் சட்டைப் பையைத் தடவிக்கொண்டார். உள்ளே வைத்த சைலன்சர் பட்டியலில் இல்லை. வேன் கண்ணாடி பட்டியலில் இல்லை. அந்த அம்மா டேப்பைச் சுருட்டினார்.

"ஐயா, பேர் மாத்த ஆபீஸுக்குப் போனா அவங்களும் இப்படித்தான் அளப்பாங்க. நான் இந்தப் பேப்பர்ல இருக்கிற வண்டியை வாங்க வந்தேன். அது எங்கே?"

திருப்புளியார் சான்றிதழைத் திருப்பி, பின்பக்கத்தில் தேடினார்.

"ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்கு வர்றேன்," என்றார் அந்த அம்மா. "நாற்பத்து மூணும் எழுதினபடி இருந்தா எடுத்துக்கறேன். ஒண்ணு கூடினாலும் வேண்டாம், குறைஞ்சாலும் வேண்டாம்."

வெள்ளிக்கிழமை முழுவதும் திருப்புளியார் ஷெட்டுக்கும் வீட்டுக்கும் நடந்தார். பழுது பார்க்கப் பழகிய கை, பார்த்த பழுதை எப்படித் திரும்ப வைக்கும்? ஸ்பானரை எடுப்பார், கட்டையைப் பார்ப்பார், வார்னிஷ் எவ்வளவு அழகாகப் பிடித்திருக்கிறது என்று நினைப்பார், ஸ்பானரை வைத்துவிடுவார். வீட்டுக்குள் சாமான்கள் ஒவ்வொன்றாக அட்டைப் பெட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. சிஸ்டருடைய துணிகள் ஒரு பெட்டியில் இருந்தன. திருப்புளியாருடைய துணிகள் இன்னும் கொடியில் இருந்தன. சிஸ்டர் அவற்றைத் தொடவில்லை.

சனிக்கிழமை மதியம் சிஸ்டர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சான்றிதழோடு ஷெட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். வார்டில் ஷிப்ட் மாறும்போது அடுத்த நர்ஸிடம் நோயாளிகளை ஒப்படைக்கிற அதே தோரணை.

"ஒண்ணு. முன் விளக்கு ரெண்டு."

"ரெண்டு."

"பதினேழு. டிரைவர் சீட். முப்பத்தெட்டு."

கீழேயிருந்து முனகல் வந்தது. பிறகு, "முப்பத்தெட்டு."

"இருபத்திரண்டு. பெடல். கட்டை எதுவும் எழுதலே. எடுங்க."

"இந்த ஒண்ணை மட்டும்..."

"எடுங்க."

எடுத்தார். டப்பா சைலன்சர் வெளியே வந்தது. வேன் கண்ணாடி இறங்கி, சின்னக் கண்ணாடி ஏறியது. முப்பத்தைந்தாவது அம்சத்தில் திருப்புளியாரின் கை தானாக வேறு பக்கம் போனது.

"இந்த ஹாரன் கொஞ்சம் கரகரன்னு இருக்கு. லேசா ஒரு..."

"பேஷண்ட்டைத் தொடாதீங்க!"

கை பின்வாங்கியது.

"நாற்பத்து மூணு," என்று படித்தார் சிஸ்டர். "பக்கத்து சீட். ஒருத்தர் உட்காரும்படி."

"அது உட்கார்ந்து பார்த்தாத்தான் தெரியும்," என்றார் திருப்புளியார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினோரு வருடத்தில் சிஸ்டர் அந்த வண்டியில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. ஏறச் சொன்ன நாளெல்லாம் அந்த இருக்கை கழற்றித் தரையில் கிடக்கும்.

ஏறினார். வண்டி உறுமிக்கொண்டு தெருவைத் தாண்டி, பாலம் வரை போய்த் திரும்பியது. காற்று சிஸ்டரின் கொண்டையைப் பிரித்தது. பாலத்தின் மேட்டில் ஏறி இறங்கியபோது அவர் முகம் ஒரு கணம் சுளித்தது. உடனே பழையபடி ஆனது. ஆனால் திருப்புளியார் பார்த்துவிட்டார். ஷெட்டில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, திரும்பி உட்கார்ந்தார்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"முதுகு?"

"முதுகுக்கு என்ன, சாய்ஞ்சுதான் இருந்தேன்."

"ஏதாவது குத்துதா? அழுத்துதா? சொல்லேன், சிஸ்டர்."

"சொகுசா இருக்குங்க. எனக்கு ஒண்ணுமே தெரியலே."

அந்தக் குரலைத் திருப்புளியாருக்குத் தெரியும். ஊசி போடுவதற்கு முன் நோயாளிகளிடம் "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லும் குரல் அது. சிஸ்டர் இறங்கி, கருவிப் பெட்டியைப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனார். போகிற வழியில் கணவரின் சட்டைப் பையிலிருந்த திருப்புளியையும் உருவிக்கொண்டார். பொழுது சாயும்வரை திருப்புளியார் வெறும் பையோடு வண்டியை வலம் வந்துகொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு டேப் வந்தது. ஏழே முக்காலுக்கு நாற்பத்து மூன்றும் எழுதினபடி இருந்தன. நில அளவைக்கார அம்மா கையெழுத்துப் போட்டார். திருப்புளியார் பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். சிஸ்டர் கடிகாரத்தைக்கூடப் பார்க்கவில்லை. பிறகு திருப்புளியாரும் கையெழுத்துப் போட்டார்.

"ஏதாவது பண்ணணும்னா நான் கூப்பிடறேன்," என்றார் அந்த அம்மா, சாவியை வாங்கிக்கொண்டு. "நீங்க கூப்பிடாதீங்க."

வண்டி தெருமுனையில் திரும்பியது. சத்தம் பாலம் வரை கேட்டது, அப்புறம் கேட்கவில்லை. சிஸ்டர் உள்ளே போய், கொடியிலிருந்த துணிகளை எடுத்து ஒரு காலிப் பெட்டியில் அடுக்கினார். பெட்டியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பக்கம் பிடிங்க" என்றார்.

திருப்புளியார் பிடித்தார். வாசல்படி வரை வந்ததும் நின்றார்.

"இப்பவாவது சொல்லு. நேத்து என்ன குத்துச்சு?"

"ஸ்பிரிங்."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். இடுப்புக்குக் கீழே."

அவர் காலித் தெருவை ஒரு பார்வை பார்த்தார். "இடது பக்கம்னா ரெண்டே நிமிஷ வேலைதானே!"

"தெரியும்," என்றார் சிஸ்டர். "அதனாலதான் சொல்லலே. படி இருக்கு, பார்த்து இறங்குங்க."