ஓடாத கால்வாயில் நிர்மால்யம்

எங்கள் வீட்டுக் குப்பையில் யாரும் குறை சொல்ல முடியாது. எங்கள் வலியசாலைக்கு மாதந்தோறும் பிளாஸ்டிக் கழிவு வாங்க வரும் பெண்களுக்காக, பால் கவர்களைக் கழுவி, கொடியில் உலர்த்தி, மடித்து வைப்பேன். காய்கறித் தோலுக்கு மொட்டைமாடியில் உரத்தொட்டி. வருகிறவர்களிடமெல்லாம் என் கணவர் அதைப் பெருமையாகக் காட்டுவார். அதன் மூடியை அவர் திறந்ததில்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் பூஜை முடிந்து களைந்த பூ, நிர்மால்யம், குப்பை ஆகாது. பகவானுக்குச் சார்த்திய துளசியை அழுகின வெண்டைக்காயோடு போடலாமா? ஓடுகிற தண்ணீரில்தான் சேர்க்க வேண்டும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் கால்வாய் இருக்கிறது. அது ஓடி வெகுகாலமாயிற்று. அந்த அழுக்கு பூவில் பட்டுவிடக் கூடாதே என்று, நான் கழுவி வைத்த கவர் ஒன்றில் பூவைப் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, என் கணவர் சுவரைத் தாண்டி அதில் வீசுவார். தெருவில் பாதிப்பேருக்கு இதே பக்தி.

பின்கட்டு அறையில் என் மாமியார், இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கை. அவருக்கு ஒரே பிடிவாதம், கடைசி மூச்சு இந்த வீட்டில்தான் போக வேண்டும். காரில் அரைமணி தூரத்தில், விழிஞ்ஞத்தில் துறைமுக வேலையில் இருக்கும் இளைய மகன், அங்கே தன் ஃபிளாட்டுக்குக் கூப்பிடும்போதெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

போன ஐப்பசி மழையில் கால்வாய் உள்ளே வந்தது. கணவரும் எதிர்வீட்டுக்காரரும் மாமியாரைத் தூக்கி மேஜைமேல் கிடத்தினார்கள். கட்டிலுக்கடியிலிருந்து பூக்கவர்கள் முடிச்சு அவிழாமல் ஒவ்வொன்றாக மிதந்து வந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கவர்லேர்ந்து எடுத்துட்டானும் போட்டிருக்கப்படாதோ?" என்றேன்.

"வெறும் பூவை இந்தச் சாக்கடையிலயா? பாபம், கேட்டியா!" என்றார் கணவர், முழங்கால் ஆழச் சாக்கடையில் நின்றபடி.

"கார்ப்பரேஷன் தூர் வாரல்லே, அதாக்கும் காரணம்," என்றார் எதிர்வீட்டுக்காரர். இருவரும் கார்ப்பரேஷனை மனதாரத் திட்டினார்கள்.

மறுநாள் இளையவர் காரோடு வந்தார். இந்தத் தடவை மாமியாரை யாரும் கேட்கவில்லை. "மழை விட்டதும் கொண்டுவந்துடறேம்மா," என்று என் கணவர் தேம்பித் தேம்பி அழுதார். அது நிஜமான அழுகை. அம்மா என்றால் அவருக்கு உயிர்.

மழை விட்டது. பின்கட்டில் சேற்று நாற்றமும் ஈரமும் போகவில்லை. முதுகில் புண்ணோடு இருப்பவரை அங்கே படுக்கவைக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கணவரும் திருந்திவிட்டார். பூவை இப்போது ஸ்கூட்டரில் எடுத்துப்போய், ஓடுகிற தண்ணீர் வேண்டுமே என்று கரமனை ஆற்றில் போடுகிறார். கவரோடுதான்.

டாக்டர் சொன்னதை அம்மாவிடம் சொல்ல மட்டும் அவருக்கு வாய் வரவில்லை. மாசி வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மத்தியானம் மாமியார் ஃபோன் செய்தார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"ஏண்டா, அங்கே மழை விட்டுதோ?"

"இல்லேம்மா. நன்னாப் பெய்யறது."

"இங்கே ஜன்னல் வழியா வெயில் கண்ணைக் கூசறதேடா," என்றார். பிறகு, "ஷெரி, நனையாம இரு," என்றார்.